பிரட்டுக்களத்திலிருந்து வீட்டுக்கு வந்த வளர்ப்பு

பையன் ஓ.எல். பரீட்சை எழுதாமல் கொழும்புக் கடை வேலைக்குப் போய்விட்டால் வளர்ப்பு சரியில்லை. பதினாறு வயதுப் பிள்ளை யாரோடாவது கிளம்பிவிட்டால் தாய் சரியில்லை. தரம் மூன்றில் படிக்கும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. டவுன்காரர்கள் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில் பிறந்து, படித்து, உத்தியோகம் பார்த்து வெளியே போன நம் ஆட்களும் அதையே சொல்லும்போது மனது வலிக்கிறது. நானும் ஒரு லயத்துக் காம்பராவில் வளர்ந்தவள்தான், இப்போது ஹட்டன் பக்கத்தில் தோட்டப் பிள்ளைகள் படிக்கிற ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். இந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சமும் உண்மை இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. பெற்றோர் வளர்க்கிற விதம் பிள்ளையின் பேச்சிலும் படிப்பிலும் தைரியத்திலும் இறங்கத்தான் செய்கிறது. நான் கேட்பது வேறு. அந்தப் பெற்றோருக்கு வளர்க்கிற முறையைக் கற்றுக்கொடுத்தது யார்?

தோட்டம்தான். இருநூறு வருஷமாகத் தோட்டம்தான் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறது.

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் போய் நின்று பார்த்தால் விளங்கும். பெயர் கூப்பிடுவார்கள், எந்த மலைக்குப் போகவேண்டும் என்று சொல்வார்கள், போகவேண்டியதுதான். அந்த மலையில் கொழுந்து இல்லையே, நேற்றுத்தானே எடுத்தோம் என்று கேட்டால் அது எதிர்ப்பேச்சு. தராசு எப்படி நிறுக்கிறது, எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று கேட்டால் அதுவும் எதிர்ப்பேச்சு. கிலோ குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான். இருபது முப்பது வருஷம் ஒரு மனுஷி தினமும் எட்டு மணித்தியாலம் இப்படியே இருக்கிறாள். பதில் பேசாமல் இருப்பவள் நல்ல தொழிலாளி, வாய் திறப்பவள் பிரச்சினைக்காரி. அந்தி நேரம் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்கிறபோது, நல்ல பிள்ளை என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று அவள் நினைப்பாள்? பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற தாய்மார் தங்கள் பிள்ளையைப் புகழ்ந்து சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: "நல்ல புள்ள டீச்சர், ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டா."

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. மெல்வின் கோன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1950களில் தொடங்கிய தன் ஆய்வுகளில் இதைக் கவனித்துவிட்டார். பெற்றோர் தங்கள் பிள்ளைகளிடம் எந்தக் குணத்தை அதிகம் விரும்புகிறார்கள் என்று அவர் பல குடும்பங்களில் கேட்டுப் பார்த்தார். மேலதிகாரியின் கண்ணுக்குக் கீழே, சொன்னதைச் சொன்னபடி செய்கிற வேலையில் இருந்தவர்கள் கீழ்ப்படிதலையும் ஒழுங்கையும் முதலில் வைத்தார்கள். தானே யோசித்து முடிவெடுக்கிற வேலையில் இருந்தவர்கள், பிள்ளை தானாக யோசிக்கவேண்டும், கேள்வி கேட்கவேண்டும் என்றார்கள். இதில் யாருக்குப் பாசம் கூட, யாருக்குக் குறைய என்ற பேச்சே கிடையாது. வேலைத்தலத்தில் எது ஒரு மனிதனைக் காப்பாற்றுகிறதோ அதைத்தான் அவன் தன் பிள்ளைக்கும் கொடுக்கிறான். பிள்ளை பிழைத்துக்கொள்ளவேண்டும் என்ற ஆசையில்தான் கொடுக்கிறான். இதைப் படித்தபோது எனக்கு என் அப்பாவை நினைத்து அழுகை வந்தது. "சொன்னா செய், ஏன்னு கேக்காத" என்று அவர் வீட்டில் சொன்னது அப்படியே மலையில் வேலை வாங்குகிற கங்காணியின் குரல். அந்தக் குரலில் அவர் பாவித்த வார்த்தைகள்கூட அவருடையவை இல்லை.

சங்கடம் எங்கே என்றால், இப்போது நாம் பிள்ளைகளைக் கொழுந்து மலைக்கு வளர்க்கவில்லை. எந்தத் தாயும் என் பிள்ளை கூடையைத் தூக்கவேண்டும் என்று சொல்வதில்லை. பிள்ளை போகவேண்டிய இடங்களிலெல்லாம் வாய் திறந்து கேட்கத் தெரிந்தவன்தான் நிமிர்ந்து நிற்கிறான். பாடசாலையில் விளங்காததைக் கேட்கவேண்டும், நேர்முகப் பரீட்சையில் பேசவேண்டும், பிரதேச செயலகத்தில் ஒரு கடிதம் வாங்கப் போனால் "நாளைக்கு வாங்க" என்கிறவரிடம் ஏன் நாளைக்கு என்று மரியாதையாகக் கேட்கவேண்டும். என் வகுப்பில் விளங்காதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் ஒரு கையும் எழும்பாது. பரீட்சை வைத்தால் பாதிப் பேருக்கு விளங்கவில்லை என்று தெரியும். அடக்கமான பிள்ளைகள் என்று வெளியூர் ஆசிரியர்கள் பாராட்டுவார்கள், எனக்கு அந்தப் பாராட்டு கவலையைத்தான் தருகிறது.

கண்டிப்பே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960களில் கலிபோர்னியாவில் சின்னப் பிள்ளைகளின் குடும்பங்களைப் பார்த்து மூன்று விதமான வளர்ப்பைப் பிரித்துச் சொன்னார். காரணம் சொல்லாமல் அதட்டி அடக்குவது ஒன்று, எதற்கும் தடை சொல்லாமல் விடுவது இன்னொன்று. மூன்றாவதில் கண்டிப்பும் இருக்கும், அன்பும் இருக்கும், ஏன் கூடாது என்ற விளக்கமும் இருக்கும். அந்த மூன்றாவது வகையில் வளர்ந்த பிள்ளைகளே தன்னம்பிக்கையோடும் பொறுப்போடும் இருந்தார்கள் என்பது அவர் கண்டது. அவர் பார்த்தது பெரும்பாலும் வசதியான வெள்ளைக்கார வீடுகளை, அதை அப்படியே எங்கள் பொகவந்தலாவைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து பொருத்தமுடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இங்கே குளவிக் கூடு இருக்கிறது, மழைக்குச் சரிகிற மண்மேடு இருக்கிறது, அந்திக்குப் பிறகு லயத்துப் பக்கம் சிறுத்தை நடமாடுகிறது. "நில்" என்றால் பிள்ளை அந்த இடத்திலேயே நிற்கவேண்டிய நேரங்கள் இருக்கத்தான் செய்கின்றன. நின்ற பிறகு ஏன் நிற்கச் சொன்னோம் என்று சொல்லலாமே, அதற்குக் காசா பணமா?

அடி பற்றி நீளமாக எழுத எனக்கு விருப்பமில்லை, எழுதாமலும் இருக்கமுடியாது. அடியாத மாடு படியாது என்று இன்னமும் சொல்கிறார்கள், எங்கள் ஆசிரியர்கள் உட்பட. ஐம்பது வருஷத்து ஆய்வுகளை, ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய தகவலை, எலிசபெத் கெர்ஷோஃப் இன்னொருவரோடு சேர்ந்து தொகுத்து 2016இல் வெளியிட்டார். அடி வாங்கிய பிள்ளைகள் அதனால் சொல் கேட்கிறவர்களாக மாறியதற்கு அதில் ஆதாரம் இல்லை. முரட்டுத்தனம், மனக்கஷ்டம், பெற்றோரோடு விலகல் இவையெல்லாம் அடியோடு சேர்ந்தே காணப்பட்டன. நம் நாட்டு உயர் நீதிமன்றமும் 2021இல், ஆசிரியர் கன்னத்தில் அறைந்து காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சின்னப் பிள்ளைகளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லவேண்டும், ஏனென்றால் பாடசாலைக்கு வந்துசேர்கிற ஐந்து வயதுக்குள்ளேயே நிறைய நடந்து முடிந்திருக்கிறது. 2016இல் எடுத்த நாடளாவிய சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க சுமார் 17 வீதம், தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உயரம் மட்டும் குறைந்தால் பரவாயில்லை, அந்த வயதில் சத்து குறைந்தால் மூளை வளர்ச்சியும் பின்தங்குகிறது. இதைக் கேட்டதும் எல்லோரும் திரிபோஷா சத்துமா, முட்டை, பால்மா என்று சாப்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். சாப்பாடு கட்டாயம் வேண்டும். ஆனால் ஜமைக்காவில் நடந்த ஒரு விஷயத்தைக் கேளுங்கள்.

1986, 87இல் கிங்ஸ்டன் நகரத்து ஏழை வட்டாரங்களில், உயரம் குறைந்த 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற மருத்துவரின் குழு தேர்ந்தெடுத்தது. ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரையான குழந்தைகள். ஒரு பகுதியினருக்குப் பால்மா கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒரு முறை, ஒரு மணித்தியாலம், ஒரு சுகாதாரப் பணியாளர் போய்த் தாய்க்கும் பிள்ளைக்கும் விளையாடக் காட்டிக்கொடுத்தார். வேறொரு பகுதிக்கு இரண்டும், மற்றவர்களுக்கு இரண்டும் இல்லை. விளையாட்டுச் சாமான் எல்லாம் போத்தல் மூடி, காகித அட்டை மாதிரி வீட்டில் கிடக்கிறவற்றில் செய்தவை. போய்ச் சொல்லிக்கொடுத்தவர்களும் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. இரண்டு வருஷம் இது நடந்தது. இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 வீதம் கூடுதலாக இருந்தது. பால்மா மட்டும் கிடைத்தவர்களிடம் அப்படி நீடித்த வித்தியாசம் இல்லை. நான் அந்த முடிவைப் படித்துவிட்டு தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவை நினைத்துக்கொண்டேன். இங்கே கட்டடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார், பிள்ளைகள் காலையிலிருந்து அங்கேதான் கிடக்கிறார்கள். ஜமைக்காவில் வீடு வீடாகத் தேடிப் போக வேண்டியிருந்த பிள்ளைகள் இங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் பிள்ளைக்காம்பரா என்றால் வரிசையாகத் தொட்டில், ஒரு வயதான ஆயா, அவ்வளவுதான். இப்போது பல தோட்டங்களில் அது சிறுவர் அபிவிருத்தி நிலையமாகி, பயிற்சி பெற்ற பெண்கள் வந்திருக்கிறார்கள், சுவரில் படம் இருக்கிறது, பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல மாற்றம், மனதாரச் சொல்கிறேன். ஆனாலும் எல்லாத் தோட்டத்திலும் அப்படி இல்லை, ஒரே ஆள் கைக்குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டே மூன்று வயதுக்காரனுக்குக் கதையும் சொல்லமுடியாது. சட்டப்படி ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டத் தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை உண்டு. தூரத்து மலையில் கொழுந்து எடுக்கிறவள், கிலோவையும் பார்த்துக்கொண்டு, அந்த இடைவேளைக்கு இறங்கி வந்து திரும்ப ஏறுவது எப்படி?

சரி, பேசுவது விளையாடுவது என்கிறேனே, அது எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்து லயத்து அம்மாயி ஒருவரைச் சொல்கிறேன். மகள் மலைக்குப் போனபிறகு பேத்தியை அவர்தான் பார்க்கிறார், பிள்ளைக்கு ஒன்றரை வயதிருக்கும். வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் சாக்கை விரித்து உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். பிள்ளை ஒரு கல்லை எடுத்து நீட்டும். "என்னாது தங்கம், கல்லா? கல்லு. அரிசிக்குள்ள கல்லு வந்துருச்சா? யாரு போட்டா?" பிள்ளை "கா" என்று வெளியே கையைக் காட்டும். "ஓ, காக்கா போட்டுச்சா? களவாணிக் காக்கா. வரட்டும், கேப்போம்." பிள்ளை சிரித்துக்கொண்டு அடுத்த கல்லைத் தேடும். இது மணிக்கணக்காக நடக்கும், அரிசியும் சுத்தமாகும். பிள்ளை ஒரு சத்தம் கொடுத்தால் அந்தச் சத்தத்துக்கு ஒரு பதில், பதிலுக்கு இன்னொரு சத்தம். குழந்தையின் மூளையில் பேச்சுக்கான இணைப்புகள் இந்தப் போக்குவரத்தில்தான் உருவாகின்றன என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அம்மாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல்தான். போனைக் கையில் கொடுத்துவிட்டுச் சோறு ஊட்டுகிற படித்த தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம் இவர் எனக்கு ஞாபகம் வருவார்.

அம்மாயிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். தாய் வெளிநாட்டில், பிள்ளை பாட்டியிடம் என்ற குடும்பங்கள் என் வகுப்பிலேயே பல. சின்னப் பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகக்கூடாது என்று அரசாங்கம் 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை முறையைக் கொண்டுவந்தது. அப்போது ஐந்து வயது என்று இருந்த எல்லை, பொருளாதாரம் விழுந்த 2022இல் இரண்டு வயதாகக் குறைந்தது. அந்தத் தாய்மாரை ஆளாளுக்குத் திட்டுவது எளிது. தோட்டச் சம்பளத்தில் சீட்டுக் காசும் கடைக் கடனும் போக மிச்சம் என்ன என்று திட்டுகிறவர்கள் ஒரு மாசம் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு. அந்தக் காலத்தில் அதுவும் ஒரு தோட்டத் தீவுதான், அங்கே கரும்பு, அன்னாசி, பல தேசத்திலிருந்து கூட்டிவந்த கூலிகளின் பிள்ளைகள். அங்கே 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடிக்கிற தகப்பன், மனநோயுள்ள தாய், பிரசவத்தில் சிக்கல் என்று பல கஷ்டம் சேர்ந்து வந்த பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் சிரமப்பட்டார்கள், மூன்றில் ஒரு பங்கினர் நன்றாக வந்தார்கள். அந்த ஒரு பங்கினரிடம் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, சின்ன வயதிலிருந்தே தன்மீது அக்கறையாக ஒரே ஒரு பெரிய ஆளாவது நிலையாக இருந்தது. தாயாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, பாட்டியோ சித்தியோ அண்ணனோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ போதும். வீட்டிலோ ஊரிலோ அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பும் கொடுக்கப்பட்டிருந்தது. எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் மன்மதன், ரதி கதையை ஆடுகிற காமன் கூத்து வைக்கும்போது இதை நான் கண்ணால் பார்க்கிறேன். வகுப்பில் அடங்காத ஒருவனைக் கூத்து மாஸ்டர் கூப்பிட்டு ரதி வேஷம் கொடுத்தார். காப்புக் கட்டி, விரதம் இருந்து, ஆடவும் பாடவும் பழகினான் அந்தப் பையன். ஊரே நம்பி ஒன்றை ஒப்படைத்திருக்கிறது என்று தெரிந்தபின் அவன் நடையே மாறிவிட்டது.

பதின்ம வயதுக்கு வருவோம். அந்த வயதில் ஆசையும் துடிப்பும் முன்னே ஓடுகின்றன, நிதானித்து முடிவெடுக்கிற மூளைப்பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயதுவரைகூட ஆகிறது. தூக்கமும் இயற்கையாகவே பிந்தித்தான் வருகிறது. இவ்வளவும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் நடக்கவேண்டும். அம்மா விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்ட எழும்பும்போது, ராத்திரி பன்னிரண்டு வரை தூக்கம் வராத பிள்ளை அதே அறையில் படுத்திருக்கிறான். வயதுக்கு வந்த பிள்ளை உடுப்பு மாற்றுவதற்குத் தம்பியை வெளியே அனுப்பவேண்டும். கோபம் வந்தால் போய் அடைந்துகொள்ள ஒரு கதவு கிடையாது, அதனால் அந்தப் பிள்ளை ஆற்றங்கரைக்கோ கடைப்பக்கமோ போகிறான், போனால் ஊர்சுற்றி என்று பெயர். வீட்டின் அளவும் வளர்ப்பில் சேர்த்திதான். தனி வீட்டுத் திட்டங்கள் இழுபட்டுக்கொண்டே போவதைக் கட்டடப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

போன வருஷம் தரம் பத்துப் பையன் ஒருவனின் தகப்பன் என்னிடம் வந்தார். பையன் பாடசாலைக்கு ஒழுங்காக வருவதில்லை, கொழும்பில் கடைக்குப் போகிறேன் என்று நிற்கிறான். "போனைப் புடுங்கி ஒடச்சுப்புட்டேன் டீச்சர், அப்பயும் திருந்தல." அடித்தும் பார்த்திருக்கிறார். பிள்ளையிடம் உட்கார்ந்து பேசினீர்களா அண்ணே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவன்கிட்ட என்னத்தப் பேசுறது?" சலிப்பில் வந்த பேச்சில்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். விசாரித்தால், அவரே பன்னிரண்டு வயதில் கொழும்புக் கடைக்கு அனுப்பப்பட்டவர். பதினாலு வயதில் ஒரு பிள்ளைக்கு அப்பா என்ன பேசுவார் என்பதை அவர் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. நீங்கள் கடையில் இருந்த கதையைச் சொல்லுங்கள், எங்கே படுத்தீர்கள், முதலாளி என்ன சொன்னார், எப்போது வீட்டு ஞாபகம் வந்தது, அதைச் சொல்லுங்கள், புத்திமதி வேண்டாம் என்றேன். சொல்லியிருக்கிறார். ஒரே நாளில் இல்லை, சம்பளத்தன்று டவுனுக்குக் கூட்டிப்போய், வருகிற வழியில் கொஞ்சம் கொஞ்சமாக. பையன் இன்னமும் கணிதத்தில் பின்தங்கித்தான் இருக்கிறான், ஆனால் பாடசாலைக்கு வருகிறான். கட்டாயக் கல்வி வயதைச் சட்டம் 2016இலேயே பதினாறாக உயர்த்திவிட்டது, அந்தச் சட்டத்தைச் சொல்லியும் நான் மிரட்டியிருக்கலாம், ஆனால் அவனை வகுப்பில் உட்காரவைத்தது அந்தக் கதைதான் என்று நம்புகிறேன்.

பாடசாலைகளையும் நான் விடப்போவதில்லை. பெற்றோர் அக்கறை இல்லாதவர்கள், கூட்டத்துக்கு வருவதில்லை என்று எல்லா இடத்திலும் முறைப்பாடு. கூட்டம் எத்தனை மணிக்கு வைக்கிறோம்? வேலை நாளில் காலை பத்து மணிக்கு. வந்தால் அன்றைக்குப் பேர், அதாவது அன்றைய சம்பளம் போச்சு. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற படங்கு கட்டியபடியே, காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு, மலையிலிருந்து நேராக ஓடிவந்த ஒரு தாயைப் பார்த்து, பிந்தி வந்ததற்காக எல்லோர் முன்னாலும் சத்தம் போட்ட ஆசிரியரை எனக்குத் தெரியும். அந்தத் தாய் தலையைக் குனிந்து நின்றார், பிரட்டுக்களத்தில் நிற்பது மாதிரியே. அவருடைய பிள்ளையும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து அதிபரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைப்போம் என்று கேட்டோம். பஸ் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் வேலையா என்று எங்களுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. கடைசியில் ஒரு முறை வைத்துப் பார்ப்போம் என்று முடிவானது. வைத்தோம். தகப்பன்மார் இவ்வளவு பேர் வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை, நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். பிள்ளைகளின் புள்ளிகளை வாசித்து முடித்தவுடன் ஒரு தகப்பன் கையைத் தூக்கி, போன தவணை மகனுக்கு விஞ்ஞானத்துக்கு ஆசிரியரே இல்லையாமே, அது ஏன் என்று கேட்டார். அதிபர் பதில் சொல்லத் தொடங்கினார், சொல்லி முடிப்பதற்குள் இன்னும் மூன்று கைகள் எழும்பிவிட்டன.